வாய்க்குள் போன பச்சை

எங்கள் மகள் டெலியா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே என் மனைவி கிரேகா, தன் அக்காவோடு இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்லிவிட்டாள். என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மீன் விற்கும் மேடையில் நின்றுகொண்டு, ஊரே கேட்கும்படி சொன்னாள். காலா முர்தா மாதிரி ஒரு சின்ன ஊரில் அப்படிச் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்குவது லேசில்லை.

எங்கள் ஊர் ஒரு தீவின் கரையில், செங்குத்தான மலைச்சுவரின் காலடியில் இருக்கிறது. முன்னால் கடல், முதுகுக்குப் பின்னால் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. வடக்கே போக ஒரே ஒரு சாலைதான். அதுவும் ஒவ்வொரு மழைக்கும் பாறை விழுந்து அடைபடும். பாறை அடிவாரத்தில் ஒரு ஊற்று இருக்கிறது. கோடையிலும் வற்றாது. குழாய்க்கு வருவது அந்தத் தண்ணீர்தான். சுவருக்கு மேலே ஏறினால் பிரானு என்கிற பீடபூமி. அங்கே எவ்வளவு மழை பெய்தாலும் ஓர் ஓடைகூட ஓடாது. பாறை அத்தனையையும் குடித்துவிடும். குடித்ததை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. எங்கள் ஊற்றுக்குத்தான் வருகிறது என்று எல்லோரும் நம்பினோம்.

அந்த நம்பிக்கையால்தான் வினை வந்தது.

பிரானுவில் என் மனைவியின் அக்கா பொனாரியா இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆட்டு மந்தை வைத்திருக்கிறாள், சீஸ் செய்கிறாள். மாமனார் சாகும்போது மேல் நிலத்தைப் பெரியவளுக்கும், கடலோரத்து மணல் நிலத்தைச் சின்னவளுக்கும் கொடுத்தார். அப்போது கடலோரம் ஒன்றுக்கும் உதவாத நிலம், உப்பும் கொசுவும்தான். பிறகு வெளியூர்க்காரர்கள் குளிக்க வர ஆரம்பித்தார்கள், நிலம் தங்கமாகிவிட்டது. ஆனால் பொனாரியா அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. "எனக்கு உப்புக்காத்து ஒத்துக்காது, மூட்டு வலிக்கும்" என்பாள், அவ்வளவுதான்.

அவள் கொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதற்கு வாய் என்று பெயர். கல்லைப் போட்டால் சத்தம் திரும்பி வராது. சீஸ் எடுத்த பிறகு மிஞ்சுகிற புளித்த தண்ணீரை முன்பெல்லாம் பன்றிகளுக்கு வைப்பார்கள். பன்றிக்காய்ச்சல் வந்து தீவு முழுக்கப் பன்றிகள் செத்துப்போன பிறகு, பொனாரியா அதை வாய்க்குள் கொட்ட ஆரம்பித்தாள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு பெருமழை. மறுநாள் எங்கள் குழாயில் தண்ணீர் வெள்ளையாக வந்தது. பால் கலந்த மாதிரி. லேசாக ஒரு வாடையும் அடித்தது. அந்த வாரமே ஊர்ப் பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும். மற்ற பிள்ளைகள் வீட்டிலேயே தேறிவிட்டார்கள். டெலியாவுக்குச் சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டது. நகரத்து ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் குழாய்களோடு படுத்திருந்தாள். கிரேகா அழவே இல்லை. அழாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிள்ளை பிழைத்துவிட்டாள். ஆனால் கிரேகாவுக்குள் அடைபட்டிருந்ததெல்லாம் ஒரு வழி தேடியது. ஊர் அந்த வழியைக் காட்டியது: வெள்ளைத் தண்ணீர், சீஸ் தண்ணீர், பொனாரியா.

ஊர்மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். பொனாரியா மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள். ஆட்டு ரோமம் ஒட்டிய அதே கறுப்புக் கோட்டு. நாற்காலியில் உட்காராமல் நின்றாள்.

மேயர் அந்தியோகோ பேப்பரைப் புரட்டிக்கொண்டே, "பொனாரியா, நீ கொட்றியா இல்லையா? அத மட்டும் சொல்லு" என்றார்.

"கொட்றேன். யாருக்குத் தெரியாது? நீயே வந்து பாத்துருக்க, ரிக்கோட்டா சீஸ் வாங்க வந்தப்போ."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேயர் இருமினார்.

"என் தண்ணிதான் இங்க வருதுன்னு யாராவது காட்டுங்க. காட்டிட்டா நானே கொட்டிலைப் பூட்டிச் சாவிய இந்த மேசைமேல வச்சிடறேன்" என்றாள் பொனாரியா.

கிரேகா எழுந்தாள். "காட்டணுமா? வெள்ளையா வந்துச்சே, அது போதாதா? என் பொண்ணு உடம்புல ஊசி குத்தாத இடம் இல்ல, அது போதாதா?"

பொனாரியா தங்கையைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். நான் பின்னாடியே போயிருக்கலாம். கிரேகாவின் கை என் சட்டையைப் பிடித்திருந்தது.

காட்டுவதற்கு ஆள் வந்தாள். ரொமினா என்று ஒரு நிலவியல்காரி, குகைக்குள் இறங்குகிறவள். ஒட்ட வெட்டிய தலைமுடி, தெருக்கோடி வரை கேட்கிற சிரிப்பு. ஒரு சாயத்தூளை வாய்க்குள் கொட்டுவதாகத் திட்டம். தூளாக இருக்கும்போது செங்கல் நிறம், தண்ணீரில் பட்டால் கண்ணைப் பறிக்கும் பச்சை. குடித்தாலும் ஒன்றும் செய்யாதாம். ஊற்றில் பச்சை வந்தால் பொனாரியா குற்றவாளி. வராவிட்டால் இல்லை. ஊர்ச் சார்பில் யாராவது கூடப் போய்ப் பார்க்க வேண்டும் என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் சொந்தம் என்பதால் நான் நியாயமாக இருப்பேனாம். இரண்டு பக்கமும் அடி வாங்குவேன் என்பதை யாரும் சொல்லவில்லை.

ஏறுகிற பாதை எங்களுக்குக் கோடுலா வழியாக. கோடுலா என்றால் மழையில் மட்டும் ஆறாக ஓடுகிற வறண்ட பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் பாறை கழுத்தை நெரிக்கிற மாதிரி வந்து, பிறகு விட்டுவிடும். கீழே கூழாங்கல், அரளிப் புதர். ஏற ஏற மிர்ட்டில் செடிகளின் வாசம் போய் ஜூனிப்பர் மரங்களின் வாசம் வரும். கடைசி ஏற்றத்தில் கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். மேலே போய் நிமிர்ந்தால் திடீரென்று எல்லாம் சமதளம். ஓக் மரங்கள், சிவப்பு மண், அதற்கு நடுவே பல் முளைத்த மாதிரி வெள்ளைப் பாறைகள். கடல் சத்தமே கேட்காது. கடலோரத்தில் வாழ்கிறவனுக்கு அந்த அமைதி காதை அடைக்கும்.

பொனாரியா வாய்ப்பக்கம் காத்துக்கொண்டிருந்தாள். முந்தின வாரத்துத் தூறலில் ஒரு சின்ன நீர்த்தாரை அதற்குள் வழிந்துகொண்டிருந்தது. ரொமினா தூளைக் கரைத்து ஊற்றினாள். அந்த இருட்டுக்குள் பச்சை இறங்கிப் போனது. அப்படி ஒரு நிறத்தை ஒரு பாம்பின் மேல்கூட நான் பார்த்ததில்லை.

"மூணு நாள்ல தெரியும். நாலு நாள்னு வச்சுக்கோங்க" என்றாள் ரொமினா.

அவள் தன் கயிறுகளைச் சுருட்டப் போனதும் பொனாரியா என் பக்கத்தில் வந்தாள்.

"மாப்ளே, பாப்பா சாப்பிடுறாளா?"

"சூப்பு குடிக்கிறா."

"என்ன சூப்பு?"

"கோழி சூப்பு. உப்பு கம்மியா."

"கோழி சூப்பு" என்று அவளே ஒரு முறை சொல்லிக்கொண்டாள். பிறகு துணியில் சுற்றிய ஒன்றைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்தாள். புது சீஸ். எடுத்தவள் என்னிடம் நீட்டாமல் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டாள். "வேணாம். நான் குடுத்தேன்னு தெரிஞ்சா உன் பொண்டாட்டி கடல்ல எறிஞ்சிருவா."

"சீஸ மட்டும் எறிய மாட்டா. கூடவே என்னையும் சேத்து எறிவா."

அவள் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் முகம் மாறிவிட்டது. "சிசின்னியோ, ஒண்ணு கேக்கட்டுமா? அது என் தண்ணியா இருந்தா, நான் எப்படி அந்தப் பொண்ணு மூஞ்சில முழிப்பேன்? ஊர் சொல்றது இருக்கட்டும். ராவெல்லாம் நானே எனக்குள்ள கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"இருக்காது அக்கா" என்றேன். இருக்குமோ இருக்காதோ, எனக்கு என்ன தெரியும்?

மூன்று நாள் போயிற்று. ஊற்றுக்குப் பக்கத்தில் ரொமினாவின் ஆட்கள் முறைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் பாதிப் பேரும் வேலை இல்லாத மாதிரி அங்கேயே நின்றார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடியது. நாலாம் நாளும் அப்படியே. ஐந்தாம் நாள் ரொமினாவின் நெற்றியில் சுருக்கம் விழுந்தது.

"இங்க வரலன்னா வேற எங்கயாவது வந்தாகணும்" என்றாள் என்னிடம். "எங்கயும் வரலன்னா ஒண்ணும் நிரூபணம் ஆகல. உள்ள ஏதாவது குளத்துல தேங்கி நிக்குதோ என்னவோ. பெரிய மழை தள்ளிவிட்டா வந்துரும். அது எங்க வேணா வரும், இங்கயும் வரலாம்."

ஊர் அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தது. பொனாரியா ரொமினாவுக்கு ஆட்டுக்கறி சுட்டுப் போட்டுவிட்டாளாம், சாயமே கொட்டவில்லையாம். நான் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். "நீ சொந்தக்காரன்தானே" என்றார்கள். என்னை அனுப்பினதே அதற்காகத்தான் என்பது அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

ஆறாம் நாள் பொனாரியாவே இறங்கி வந்தாள். மேலே உட்கார்ந்து காத்திருக்க முடியவில்லையாம். ஊற்றின் பக்கத்தில் ஒரு கல்லில் போய் உட்கார்ந்தாள். யாரும் அவளோடு பேசவில்லை, அவளும் யாரோடும் பேசவில்லை. தண்ணீரையே பார்த்தாள். மத்தியானத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து காற்று திரும்பியது. வானம் ஈயம் மாதிரி ஆயிற்று. எங்கள் தீவில் அந்தத் திசையிலிருந்து மேகம் வந்தால் மலைச்சுவரில் முட்டி, இருக்கிறதை எல்லாம் அங்கேயே கொட்டிவிட்டுத்தான் போகும்.

கொட்டியது. ஒரு மணி நேரத்தில் கோடுலாவில் தண்ணீர் வந்துவிட்டது. காலையில் அவள் நடந்து வந்த கூழாங்கல் பாதையில் இப்போது மரங்கள் உருண்டு போயின. வடக்குச் சாலையிலும் பாறை விழுந்து வழி அடைத்துவிட்டது. பொனாரியா திரும்பிப் போக வழி இல்லை.

படகுத்துறையில் எனக்கு வலைகளை வைக்கிற கொட்டகை ஒன்று உண்டு. அவளை அங்கே கொண்டுபோய் விட்டேன். "வீட்டுக்கு வா" என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. சொன்னாலும் அவள் வந்திருக்க மாட்டாள். வலைக்குவியலைத் தட்டிப் பார்த்து, "என் ஆடுங்களே இதவிட நல்லா படுக்கும்" என்றாள்.

வீட்டுக்குப் போனேன். கிரேகா அடுப்பைப் பார்த்தபடி, திரும்பாமலே கேட்டாள்:

"கொட்டகையில வெளிச்சம் தெரியுதே?"

"பூனை குட்டி போட்டிருக்கு. பாக்கப் போனேன்."

"பூனைக்கு விளக்கு எதுக்கு?"

அவள் பெரிய கிண்ணம் ஒன்றை எடுத்து, உருளைக்கிழங்கும் புதினாவும் வைத்து மடித்த குலுர்ஜோனெஸ் கொழுக்கட்டைகளை அதில் நிறைய அள்ளினாள். மேலே தக்காளிச் சாறு ஊற்றினாள். துருவின சீஸும் தூவினாள். ஒரு தட்டால் மூடி என் கையில் வைத்தாள்.

"பூனைக்குக் குடுத்துரு. குட்டி போட்ட உடம்பு, பசிக்கும்."

"கிரேகா..."

"நான் பூனையப் பத்தி மட்டும்தான் பேசறேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

பொனாரியா அதைச் சாப்பிட்டாள். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. கடைசிக் கொழுக்கட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, "இந்த மடிப்ப நான்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். இன்னும் கோணலாத்தான் மடிக்கிறா" என்றாள்.

மறுநாளும் மழை. அதற்கும் மறுநாள் காலையில் வானம் வெளுத்தது. கடல் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாலும் படகு போகலாம் என்கிற நிலைமை. ஊற்றில் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக, ஆனால் அதே வெளிறின நிறத்தில் வந்தது. பச்சை இல்லை.

அன்றைக்கு இரண்டு காரியம் இருந்தது. டெலியாவின் மருந்து தீர்ந்துபோயிருந்தது. வடக்கே ஓர்கானு துறைமுகத்தில்தான் மருந்துக்கடை. சாலை அடைபட்டதால் படகில்தான் போக வேண்டும். கிரேகா டாக்டரிடமும் பேச வேண்டும் என்று தானே கிளம்பினாள். டெலியாவைப் பக்கத்து வீட்டில் விட்டாள். பொனாரியாவும் மேலே தன் வீட்டுக்குப் போக வேண்டும். பால் கறக்க ஆள் இல்லாமல் ஆடுகள் இரண்டு நாளாகக் கத்திக்கொண்டிருக்கும். போகிற வழியில் காலா பியாங்கா என்று ஒரு குடா உண்டு. அங்கே இறங்கினால் கோடுலாவைத் தொடாமலே பிரானுவுக்கு ஏறுகிற ஆட்டுப்பாதை ஒன்று இருக்கிறது. ஊரில் அன்றைக்கு ஓடக்கூடிய நிலையில் இருந்தது என் படகு ஒன்றுதான்.

கிரேகா துறைக்கு வந்து, படகின் முன்பக்கத்தில் உட்கார்ந்திருந்த கறுப்புக் கோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் கயிற்றை அவிழ்ப்பதில் ரொம்ப மும்முரமாக இருந்தேன்.

"பூனை பெருசா வளந்துருச்சு போல" என்றாள்.

ஏறினாள். பின்பக்கத்தில், அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மலைச்சுவரைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தாள். பொனாரியா எதிர்ப்பக்கம், திறந்த கடலைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் நடுவில் எஞ்சினோடு. படகு கிளம்பியது.

ஊரிலிருந்து வடக்கே போனால் சுவர் நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. சாய்வே கிடையாது. மழைக்குப் பிறகு அதன் மேல் கறுப்பும் ஆரஞ்சுமாக நீண்ட கறைகள். எங்கோ உச்சியில் ஜூனிப்பர் மரங்கள் தலையை நீட்டி எட்டிப் பார்க்கும். அங்கங்கே சின்னச் சின்ன அருவிகள் விழுந்துகொண்டிருந்தன. வெயில் ஏறினால் போய்விடும். கடற்பறவைகள் பாறைப் பொந்துகளில் ஈரச் சிறகை உலர்த்திக்கொண்டிருந்தன. எஞ்சின் சத்தம் மட்டும் மூன்று பேருக்கும் சேர்த்துப் பேசியது.

மொந்து முனையைச் சுற்றும்போது கிரேகா, "நிறுத்து" என்றாள்.

நான் அவளுக்குக் குமட்டுகிறது என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். அவள் எழுந்து நின்றிருந்தாள். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாறையின் காலடியைப் பார்த்தாள்.

"சிசின்னியோ, அங்க பாரு. அது என்ன?"

பார்த்தேன். பாறைக்கு அடியில், கடலுக்குள்ளிருந்து ஒரு வட்டமாகத் தண்ணீர் கொதிக்கிற மாதிரி மேலே எழும்பிக்கொண்டிருந்தது. அந்த வட்டமும், அதிலிருந்து தெற்கே வால் மாதிரி நீண்டு போன நீரோட்டமும், பச்சை. கடலில் பச்சை எத்தனையோ பார்த்திருக்கிறேன். இது அந்தப் பச்சை இல்லை. வாய்க்குள் இறங்கிப் போவதை நான் பார்த்தேனே, அதே பச்சை. காலை வெயில் பட்டு அடியிலிருந்து விளக்கு எரிகிற மாதிரி இருந்தது.

எஞ்சினை அணைத்துவிட்டேன். படகு ஆடிக்கொண்டே அந்தப் பச்சைக்குள் மெல்ல நுழைந்தது.

பொனாரியா திரும்பினாள். பார்த்தாள். எழுந்து என்னைத் தாண்டி, வலையை மிதித்து, பின்பக்கத்துக்கு வந்தாள். முட்டி போட்டு, கோட்டுக் கையை மடிக்காமலே தண்ணீரில் கையை விட்டாள். "ஐயோ, ஜில்லுன்னு இருக்கு" என்றாள். அள்ளி ஒரு வாய் வைத்தாள். வாயிலேயே வைத்துச் சுவைத்துப் பார்த்தாள்.

"உப்பே இல்ல" என்றாள். "கிரேகா, உப்பே இல்லடி. இது மழைத்தண்ணி. என் மழைத்தண்ணி."

கிரேகாவும் முட்டி போட்டாள். அவளும் அள்ளிக் குடித்தாள். அவள் கன்னத்திலும் மோவாயிலும் பச்சை வழிந்தது. நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன், எதற்கென்றால், இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்ந்ததில் படகு ஒருச்சாய்ந்துபோயிற்று. எதிர்ப்பக்கம் போய் நின்று என் எடையால் தாங்கினேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

"ஊருக்கு வரல" என்றாள் கிரேகா. "இங்கதான் வருது. ஊருக்கு வரவே இல்ல."

"வரல."

"அப்ப நீ இல்ல."

"நான் இல்லடி."

கிரேகா அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் அழாததும் சேர்த்து. சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது, மேலே பறவைகள் கலைந்து பறந்தன. அக்காவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னாள். பாதிதான் எனக்குப் புரிந்தது. "உம்மேல கோவப்படலன்னா நான் யார்மேல கோவப்படுவேன்? கடவுள் மேலயா? ஊசி குத்துறப்போ அவ பெரியம்மா பெரியம்மான்னு உன்னத்தான் கூப்பிட்டா. என்னக் கூப்பிடல. உன்ன." இது மட்டும் தெளிவாகக் கேட்டது.

பொனாரியா அவள் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். ஈரக் கையால் அவள் முதுகைத் தடவினாள். தடவின இடமெல்லாம் சட்டையில் பச்சைக் கறை. "போதும்டி. போதும். மூஞ்சியெல்லாம் கீரை அரைச்ச மாதிரி இருக்கு. இப்படியே போனா டாக்டர் உன்னத்தான் படுக்க வைப்பாரு."

கிரேகா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை நாள் எனக்குள் ஒரு முஷ்டி இறுக்கி மூடியிருந்தது என்று, அது திறந்த பிறகுதான் தெரிந்தது. துடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

காலா பியாங்காவில் பொனாரியா இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்று யாருக்கும் ஞாபகமும் வரவில்லை. ஓர்கானுவில் மருந்து வாங்கினோம், ரொமினாவுக்குப் போன் செய்தோம். போனில் அவள் போட்ட கூச்சலில் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். டெலியாவின் கடைசிப் பரிசோதனை நன்றாக இருக்கிறது, சிறுநீரகம் முழுக்கத் தேறிவிட்டது என்றார் டாக்டர். பச்சைக் கறையோடு வந்த இரண்டு பெண்கள் ஏன் தன் அறையில் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. துறைமுகத்தில் மீன் சூப் சாப்பிட்டோம். பொனாரியா இரண்டு தட்டு சாப்பிட்டாள். பிறகுதான் ஆடுகள் ஞாபகம் வந்து, "என் புள்ளைங்க மடி வெடிச்சிருக்கும், கிளம்புங்க!" என்று எங்களை விரட்டினாள்.

ரொமினா மறுநாளே படகில் வந்து பார்த்தாள். தண்ணீர் பிரானுவுக்கு அடியில் நாங்கள் நினைத்த பக்கம் போகவே இல்லை. பாறை அடுக்குகள் வடகிழக்கே சாய்ந்திருக்கின்றன, தண்ணீர் அந்தச் சாய்வில் வழுக்கிக்கொண்டு போய்க் கடலுக்கு அடியில் வாய் திறக்கிறது என்றாள். எங்கள் ஊற்றுக்கு வருவது ஊருக்கு நேர் மேலே உள்ள சரிவில் விழுகிற மழை மட்டும்தானாம். அந்தச் சரிவில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். எல்லோருக்கும் தெரியும். குளிக்க வருகிறவர்களுக்காகப் புதிதாகக் கட்டின கோடைகால வீடுகள் இருக்கின்றன. ஊரில் பாதிக் குடும்பத்துக்கு அவற்றில் ஏதாவது ஒரு பங்கு உண்டு. அந்த வீடுகளுக்குச் சாலை வெட்டினபோது சுண்ணாம்புத் தூளை அங்கேயே குவித்திருந்தார்கள். வெள்ளைத் தண்ணீருக்கு அதுதான் காரணம்.

பிள்ளைகளின் வயிற்றுக்கு என்ன காரணம் என்று பார்க்க, ரொமினா அந்த வீடுகளில் ஒன்றின் கழிப்பறையில் ஒரு சிட்டிகைச் சாயத்தைப் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டாள். மறுநாள் காலை ஊற்று பச்சையாக ஓடியது.

பொனாரியாவை நோக்கிக் கத்தின அளவுக்கு அன்றைக்கு யாரும் கத்தவில்லை. ஊற்றைச் சுற்றி நின்று பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். மேயர் மட்டும் போக முடியாமல் நின்றார். அவருக்கும் அங்கே ஒரு வீடு. கிரேகா அவர் பக்கத்தில் போய், "என்ன அந்தியோகோ, சாவிய எந்த மேசைமேல வைக்கப் போறீங்க?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை அதிகம் சுட்டிருக்க வேண்டும். கழிவுக்குழிகளை எல்லாம் மூடி, தொட்டி கட்டி, குழாய் போட்டு ஊருக்கு வெளியே கொண்டுபோக மறு கோடைக்குள் வேலை முடிந்துவிட்டது. அவ்வளவு வேகமாக எங்கள் ஊரில் எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை.

பொனாரியா ஜெயித்ததோடு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பிரச்சினை தீர்ந்த அடுத்த மாதமே சீஸ் தண்ணீருக்கென்று ஒரு தொட்டி வாங்கினாள். மலைக்கு அந்தப் பக்கம் பன்றி வளர்க்க மறுபடி அனுமதி வாங்கின ஒருவர் வந்து எடுத்துப் போகிறார். "கடலுக்குத்தானே போவுது, யாருக்கு என்ன?" என்று நான் ஒரு தடவை விளையாட்டுக்குச் சொன்னேன்.

"நீ அங்கதானே மீன் புடிக்கிற, மடையா" என்றாள். பிறகு கொஞ்சம் மெதுவாக, "அது வேற பக்கம் சாஞ்சிருந்தா? அந்தப் பாறை எந்தப் பக்கம் சாயணும்னு நானா முடிவு பண்ணேன்? தப்பிச்சேன், அவ்வளவுதான். இன்னொரு வாட்டி தப்பிக்க ஆசை இல்ல" என்றாள்.

வசந்தம் வந்ததும் டெலியாவை மேலே கூட்டிப் போனோம். கோடுலாவில் தண்ணீர் வடிந்து, கூழாங்கற்கள் கழுவி வைத்த மாதிரி இருந்தன. கடைசி ஏற்றத்தில் கிரேகாவுக்கு மூச்சு வாங்கியது, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். டெலியா எங்கள் இருவரையும் விட்டுவிட்டு முன்னால் ஓடிவிட்டாள். அவள் கால்கள் பாறைமேல் தாவித் தாவிப் போவதைப் பார்த்துக்கொண்டே நான் அங்கேயே நின்றேன். மேலே ஓக் மரங்கள் இளந்தளிர் விட்டிருந்தன. சிவப்பு மண்ணில் காட்டுப் பியோனிப் பூக்கள், கை அகலத்துக்கு.

கொட்டில் பக்கத்திலிருந்து பொனாரியாவின் குரல் வந்தது. "எங்கடி உங்கம்மா? கடல்காத்து குடிச்சுக் குடிச்சு ஏற முடியலையாமா?"

"வந்துகிட்டுத்தான் இருக்கேன்!" என்று கிரேகா கீழேயிருந்து கத்தினாள். "நீ முதல்ல அடுப்புல ஏதாவது வச்சிருக்கியான்னு சொல்லு!"

வைத்திருந்தாள். காற்று திரும்பியபோது வாசம் வந்தது, சுட்ட ஆட்டுக்கறியும் மிர்ட்டில் இலையும். கிரேகா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மீதி ஏற்றத்தை நாங்கள் அவசரப்படாமல் ஏறினோம்.